ஷார்த்ர் பேராலயத்துக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

பாரிஸ் போகிறவர்கள், அருகே ஷார்த்ர் நகரில் இருக்கும் பழைய கிறிஸ்தவப் பேராலயத்தையும் பார்த்துவிடலாம் என்று கிளம்புவது நல்ல யோசனைதான். பாரிஸின் மொன்பர்னாஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். பேராலயத்துக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. ஆனால் பலர் அரை மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். பெரிய தவறு இதுதான்.

வெயிலில் நின்றிருந்துவிட்டு உள்ளே போனால் முதலில் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும். உடனே போனை எடுக்காதீர்கள். பத்து நிமிடம் ஒரு நாற்காலியில் சும்மா உட்காருங்கள். கண் பழகப் பழக, வண்ணக் கண்ணாடிகளின் நீலமும் சிவப்பும் துலங்கி வரும். மொத்தம் 2,500 சதுர மீட்டருக்கு மேல் கண்ணாடி இருக்கிறது; பெரும்பகுதி 13-ஆம் நூற்றாண்டில் செய்தது. 1939-இல் இரண்டாம் உலகப் போர் வந்தபோது இவற்றைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். அதனால்தான் இன்று நமக்குப் பார்க்கக் கிடைக்கின்றன. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். வெளிச்சம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வருவதால் அதனால் பயனில்லை, ஜெபிப்பவர்களுக்குத் தொந்தரவுதான் மிச்சம்.

அடுத்த தவறு, ஜன்னலை மேலிருந்து கீழே பார்ப்பது. இங்கே ஜன்னல் கண்ணாடிகள் பைபிள் கதைகளையும் புனிதர்களின் கதைகளையும் படங்களாகச் சொல்கின்றன; பெரும்பாலான கதைகள் அடியில் தொடங்கி மேலே ஏறுகின்றன. தெற்குப் பக்க நடையில் இருக்கும் நல்ல சமாரியன் ஜன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். அடிவரிசையில் இருப்பவர்கள் புனிதர்கள் இல்லை, செருப்புத் தைக்கும் தொழிலாளிகள். வேலையில் குனிந்திருக்கிறார்கள், இந்த ஜன்னலைக் காணிக்கையாகக் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு மேலே, எருசலேமிலிருந்து புறப்பட்ட வழிப்போக்கன் கள்வரிடம் அடிபட்டுக் கிடக்கிறான், சமாரியன் வந்து காப்பாற்றுகிறான். இன்னும் மேலே ஆதாம் ஏவாள் கதை. அப்புறம் வடக்குப் பக்கம் போய் நோவா ஜன்னலைப் பாருங்கள். அதைக் கொடுத்தவர்களில் தச்சர்கள் உண்டு. பேழை கட்டிய கதைக்குத் தச்சர்கள் கொடுத்த ஜன்னல்! எவ்வளவு பொருத்தம் பாருங்கள். இந்தச் சின்ன உருவங்கள் வெறும் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. ஒரு பைனாகுலர் கையில் இருந்தே ஆக வேண்டும் என்பேன்.

சுவர்கள் வெளிர் நிறத்தில் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து, பழமையைக் கெடுத்துவிட்டார்கள் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். 2009-இல் தொடங்கிய புனரமைப்பில் பல நூற்றாண்டுப் புகைக் கரியை நீக்கினார்கள். இதைப் பற்றிக் கடும் வாதம் நடந்தது உண்மை. ஆனால் கரிக்கு அடியில் வெளிர் நிறத்தில் 13-ஆம் நூற்றாண்டுப் பூச்சு இருந்தது. இருட்டுச் சுவர்தான் பழமை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

தரையில் பதித்த வட்டச் சுழல்பாதையைப் பார்க்கவே வருபவர்களும் உண்டு. கிட்டத்தட்ட 13 மீட்டர் குறுக்களவு. பல நாட்கள் அதன்மேல் நாற்காலிகள் போட்டிருப்பார்கள். வழக்கமாகத் தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) தொடங்கி அக்டோபர் இறுதி வரை வெள்ளிக்கிழமைகளில் நடந்து பார்க்கத் திறந்துவிடுகிறார்கள். தேதியைப் பேராலயத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

இது இன்றும் வழிபாடு நடக்கும் இடம். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை, ஆனால் ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். திருப்பலி (பூசை) நடக்கும்போது சுற்றி நடக்காதீர்கள். கோடையிலும் உள்ளே குளிரும் என்பதால் ஒரு மேலாடை இருக்கட்டும்.

வெளியே இரண்டு கோபுரங்களும் ஒன்றுபோல இல்லையே என்று தோன்றும். எளிமையான தெற்குக் கோபுரம் 12-ஆம் நூற்றாண்டுடையது. வடக்குக் கோபுரத்தின் மர உச்சி 1506-இல் இடி விழுந்து எரிந்ததால், ஜெஹான் தெ போஸ் என்ற கட்டடக் கலைஞர் அதைக் கல்லில் வேலைப்பாட்டோடு கட்டினார்.

திரும்பும் ரயிலை மதியத்துக்கே முடிவு செய்துவிடாதீர்கள். முந்தைய பேராலயத்தை எரித்த 1194 தீ விபத்தில் தப்பிய மூன்று நெடிய ஜன்னல்கள் மேற்குச் சுவரில் இருக்கின்றன. சாயங்கால வெயில் நேராக அவற்றின்மேல் விழும்போது உள்ளே நின்று திரும்பிப் பாருங்கள்.