சி கோப்பைக் கம்பைல் செய்யும் ஸ்கிரிப்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுத்துப்பிழை, விட்டுப்போன அடைப்புக்குறி இதையெல்லாம் கம்பைலரே சொல்லிவிடும். ஒற்றை சி கோப்பைக் கம்பைல் செய்து ஓட்ட நாலு வரி ஷெல் ஸ்கிரிப்ட் எழுதும் புதியவர்கள், நான் விழுந்த அதே குழிகளில் போய் விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கம்பைல் தோற்றாலும் ஓட்டுவது

இன்றும் எரிச்சல் கிளப்புவது இதுதான். ஜிசிசி (gcc என்ற சி கம்பைலர்) வரிக்குப் பின் ; போட்டுப் புரோகிராமை ஓட்டுவார்கள். முன்னது தோற்றாலும் ; அடுத்ததை ஓட்டும். கோப்பில் பிழை இருந்தால் ஜிசிசி புதிதாக எதையும் உருவாக்காது. முந்தைய தடவை உருவானது அப்படியே கிடக்கும், அதுதான் ஓடும்.

பக்கத்து சீட்டுத் தம்பி ஒருவர், "பிரிண்ட்எஃப் போட்டும் ஒண்ணும் வரலண்ணே" என்று மதியம் முழுக்க மல்லுக்கட்டினார். பிழைச்செய்தியே வரவில்லை என்று சத்தியம் வேறு. ஜிசிசியை அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்யும் வரை போய்விட்டார். ஸ்கிரிப்டைத் திறந்தால், ஜிசிசிக்கும் ஓட்டத்துக்கும் நடுவே திரையைத் துடைக்கும் ஒரு கிளியர்! திரை சுத்தமாக இருக்கணுமாம்.

; இருக்கும் இடத்தில் && போடுங்கள். ஜிசிசி 0 (வெற்றி என்று பொருள்) திருப்பினால் மட்டுமே அடுத்தது ஓடும். எச்சரிக்கைகள் வந்தாலும் ஜிசிசி 0தான் தரும், அதனால் கிளியர் வேண்டுமென்றால் ஜிசிசிக்கு முன்னால் வையுங்கள். லாக் எடுக்க | போட்டு, வருவதைத் திரையிலும் கோப்பிலும் எழுதும் டீ (tee) கட்டளைக்கு அனுப்பினால் && மறுபடி ஏமாறும், ஷெல் பார்ப்பது டீ திருப்பும் 0-வை. பாஷ் ஷெல்லில் set -o pipefail போட்டுப் பைப்ஃபெயிலை ஆன் செய்யுங்கள், ஜிசிசியின் தோல்வி அப்போது தெரியும்.

மேற்கோள் குறி இல்லாத $1

$1 என்பது ஸ்கிரிப்டுக்கு நீங்கள் கொடுக்கும் கோப்புப் பெயர். அதில் இடைவெளி இருந்தால் இரண்டாக உடையும். "$1" என்றே எழுதுங்கள்.

மைனஸ் எல்எம்மை முன்னால் போடுவது

கணித லைப்ரரியைச் சேர்க்கும் -lm வர வேண்டியது கோப்புப் பெயருக்குப் பின்னால்.

மேக்ஃபைல் இல்லாமல் மேக் ஓடாது என்று நினைப்பது

மேக் (make) என்பது மாறிய கோப்பை மட்டும் பார்த்துக் கம்பைல் செய்யும் கருவி, மேக்ஃபைல் அதற்கான குறிப்புக் கோப்பு. ஹலோ.சி இருக்கும் ஃபோல்டரில் 'மேக் ஹலோ' என்று அடியுங்கள், போதும். 1976இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் இதை எழுதக் காரணமே நம் தம்பியின் கதைதான்: சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சன், திருத்திய கோப்பைக் கம்பைல் செய்யாமலேயே ஒரு காலை முழுக்கப் பிழை தேடியிருக்கிறார். ஒன்று மட்டும்: மேக்ஃபைல் இல்லாத மேக் சி கோப்பைத் திருத்திய நேரத்தைத்தான் பார்க்கும். அது #include செய்யும் ஹெடர் கோப்பை மட்டும் திருத்தினால் 'அப் டு டேட்' என்று கைவிரித்துவிடும். அப்போது மைனஸ் பெரிய பி (-B) கொடுங்கள், எப்படியும் மறுபடி கம்பைல் செய்யும்.