அத்லெட்டிக் டிரெய்னிங்கும் பிசியோதெரபியும்: அமெரிக்காவில் இரண்டையும் ஒரே திட்டத்தில் படிப்பது எப்படி

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில, அத்லெட்டிக் டிரெய்னிங்கில் முதுநிலைப் பட்டத்தையும் பிசியோதெரபியில் டி.பி.டி. எனப்படும் டாக்டர் பட்டத்தையும் இணைத்து ஒரே திட்டமாக வழங்குகின்றன. இதில் சேர நினைப்பவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, திட்டம் ஒன்றானாலும் தொழில்கள் இரண்டு என்பதைத்தான். அங்கீகாரம் அளிக்கும் அமைப்புகள் இரண்டு, தகுதித் தேர்வுகள் இரண்டு, மாநில உரிமங்களும் இரண்டு. இணைத்துப் படிப்பதால் மிச்சமாவது, இரு பாடத்திட்டங்களுக்கும் பொதுவாக உள்ள பகுதி மட்டுமே. அந்தப் பகுதி எவ்வளவு, அதற்காகக் கூடுதலாகச் செலவிடப்போகும் காலம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்பதில்தான் விண்ணப்ப வேலை தொடங்குகிறது.

இரண்டும் வேண்டுமா என்று முடிவு செய்தல்

அத்லெட்டிக் டிரெய்னர் என்பவர் உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கக் கற்றுத் தருபவர் அல்லர். மருத்துவருடன் இணைந்து, காயத் தடுப்பு, அவசரச் சிகிச்சை, காய மதிப்பீடு, மறுவாழ்வு ஆகியவற்றைக் கவனிக்கும் சுகாதாரப் பணியாளர். அமெரிக்க மருத்துவச் சங்கம் இத்தொழிலை 1990இல் முறைப்படி ஏற்றுக்கொண்டது. பிசியோதெரபிஸ்டோ விளையாட்டு வீரர்களை மட்டுமல்லாமல், பக்கவாதத்துக்குப் பின் நடை பழகுபவர், இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட முதியவர், வளர்ச்சி தாமதமான குழந்தை என எல்லா வயதினரையும் பார்க்கிறார்.

இரண்டுக்கும் உள்ள தொலைவு, ஒரே காயத்தை இருவரும் எங்கே நின்று பார்க்கிறார்கள் என்பதில் தெளிவாகும். அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் ஒருவர் திரும்பி ஓடும்போது முழங்கால் மடங்கி விழுகிறார். அத்லெட்டிக் டிரெய்னர் மைதானத்துக்குள் ஓடி, வீரரின் முழங்காலை ஏறத்தாழ 20 முதல் 30 டிகிரி வரை மடக்கி, ஒரு கையால் தொடையை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் கெண்டைக்கால் எலும்பை முன்னோக்கி இழுக்கிறார். எலும்பு ஓரிடத்தில் திடமாக நிற்கிறதா, பிடிப்பில்லாமல் வந்துகொண்டே இருக்கிறதா என்பதைக் கை சொல்லிவிடும். லாக்மன் சோதனை எனப்படும் இதைச் செய்ய அந்த முதல் சில நிமிடங்களே மிகச் சிறந்த நேரம். பிறகு வீக்கம் ஏறி, தொடையின் பின்புறத் தசைகள் இறுகி, தளர்ச்சியை மறைத்துவிடும். அதே முழங்கால், எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். என்ற தசைநாருக்கான அறுவைச் சிகிச்சைக்குப் பின் பிசியோதெரபிஸ்டிடம் வருகிறது. காலை முழுமையாக நீட்ட வைப்பது, உறங்கிப்போன தொடை முன்தசையை எழுப்புவது, மாதங்கள் கடந்தபின் அதன் வலிமை மறு காலின் வலிமையில் குறைந்தது 90 சதவீதத்தையாவது எட்டியதா என்று அளப்பது, ஒற்றைக் காலில் தாவச் சொல்லிப் பார்ப்பது, ஒன்பது மாதமாவது ஆகும்வரை ஆட்டத்துக்குத் திரும்ப அவசரப்படாமல் பிடித்து வைப்பது ஆகியவை அவருடைய வேலை.

இந்தக் காயத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் தானே இருக்க வேண்டும் என்று விரும்புபவருக்கே இணைப்புத் திட்டம் பொருந்தும். மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ மட்டும் பணிபுரிய எண்ணுபவருக்கு டி.பி.டி. போதும், விளையாட்டின் மீது ஆர்வம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இரண்டாவது பட்டத்தைச் சுமக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

திட்டங்களின் இன்றைய வடிவம்

இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளை நம்பி இறங்கக்கூடாது என்பதற்கு வலுவான காரணம் உண்டு. முன்பு அத்லெட்டிக் டிரெய்னிங் இளநிலைப் பட்டமாக இருந்ததால், நான்கு ஆண்டுகளில் அதை முடித்து, அப்படியே டி.பி.டி.க்குள் நுழைவதே வழக்கமான இணைப்பாக இருந்தது. 2015இல் இத்தொழிலின் தலைமை அமைப்புகள் நுழைவுத் தகுதியை முதுநிலைப் பட்டமாக உயர்த்த முடிவெடுத்தன. 2022ஆம் ஆண்டின் இலையுதிர்ப் பருவத்துக்குப் பின் இளநிலைத் திட்டங்கள் புதிய மாணவர்களைச் சேர்க்க இயலாமல் போயிற்று. பிசியோதெரபியிலும் அங்கீகாரம் பெற்ற நுழைவுப் படிப்புகள் அனைத்தும் 2015ஆம் ஆண்டின் இறுதிக்குள் டாக்டர் பட்டமாக மாறிவிட்டன. ஆகவே இன்று இணைக்கப்படுபவை இரண்டுமே பட்டமேற்படிப்புகள். தனித்தனியாகப் படித்தால் முதுநிலைக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளும் டி.பி.டி.க்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளும் ஆகும். இரட்டைப் பட்டத் திட்டங்கள் இந்த ஐந்தாண்டுக் கணக்கைச் சற்றுக் குறைக்கின்றன, அவ்வளவே.

வடிவங்களும் பலவாக உள்ளன. சில பல்கலைக்கழகங்கள் பள்ளிப் படிப்பு முடித்தவரையே சேர்த்து, மூன்று ஆண்டு இளநிலைப் பாடங்களுக்குப் பின் முதுநிலைக்கும், அதன்பின் டி.பி.டி.க்கும் நகர்த்துகின்றன. வேறு சில, இளநிலைப் பட்டம் முடித்தவரை மட்டுமே ஏற்று இரண்டு பட்டங்களையும் பின்னிப் பிணைத்து நடத்துகின்றன. இணைப்பு என்ற பெயரே இல்லாமல், அத்லெட்டிக் டிரெய்னிங் முடித்தவருக்கு டி.பி.டி. சேர்க்கையில் நேர்காணல் வாய்ப்பை உறுதிசெய்யும் இடங்களும் உண்டு. நேர்காணல் உறுதி என்பது இடம் உறுதி என்பதாகாது.

எந்த வடிவமானாலும், அங்கீகாரத்தை இரண்டு தடவை பார்க்க வேண்டும். அத்லெட்டிக் டிரெய்னிங் பகுதிக்கு சி.ஏ.ஏ.டி.இ. அமைப்பும், பிசியோதெரபிப் பகுதிக்கு சி.ஏ.பி.டி.இ. அமைப்பும் தத்தம் இணையதளங்களில் அங்கீகாரம் பெற்ற திட்டங்களின் பட்டியலை வெளியிடுகின்றன. பல்கலைக்கழகத்தின் விளம்பரப் பக்கம் அதற்கு மாற்றாகாது. தகுதித் தேர்வுகளில் அந்தத் திட்டத்தின் தேர்ச்சி விகிதங்களையும் கேட்டுப் பெறலாம். சி.ஏ.ஏ.டி.இ. எதிர்பார்க்கும் குறைந்தபட்ச அளவு, மூன்றாண்டுத் தொகுப்பில் முதல் முயற்சித் தேர்ச்சி 70 சதவீதம், சி.ஏ.பி.டி.இ. எதிர்பார்ப்பது முயற்சிகள் எத்தனையானாலும் இறுதியில் தேறுவோர் 85 சதவீதம், பட்டம் முடிப்போர் 80 சதவீதம். இவை கீழ் எல்லைகள் மட்டுமே. அந்த எல்லையை உரசிக்கொண்டு நிற்கும் திட்டத்தில் இரண்டு தேர்வுகளுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிப்பது நல்லது.

சேர்க்கை அலுவலரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில், பலரும் கேட்கத் தயங்கும் ஒன்று உண்டு: நடுவில் விலகினால் கையில் என்ன பட்டம் இருக்கும்? பதினேழு வயதில் எடுத்த முடிவு இருபத்தொரு வயதில் மாறுவது இயல்பு. முதுநிலைப் பட்டம் தனியாக வழங்கப்படுமா, அல்லது இரண்டும் கடைசியில்தான் சேர்ந்து வருமா என்பதையும், டி.பி.டி. கட்டத்துக்குச் செல்லத் தேவையான மதிப்பெண் சராசரி எவ்வளவு, அது குறைந்தால் இடம் பறிபோகுமா என்பதையும் எழுத்து வடிவில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

சேர்வதற்கு முன் தயாராதல்

உயிரியல், வேதியியல், இயற்பியல், உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல் ஆகியவை அத்லெட்டிக் டிரெய்னிங்குக்கு முன்தேவைப் பாடங்கள். டி.பி.டி. திட்டங்கள் இவற்றுடன் புள்ளியியலையும் சேர்த்து, பெரும்பாலும் வேதியியலையும் இயற்பியலையும் ஆய்வக வகுப்புடன் இரண்டு பருவங்களுக்குக் கேட்கின்றன. எனவே இரண்டில் கடினமான பட்டியலை அளவுகோலாக வைத்துப் பாடங்களைத் தேர்ந்தெடுத்தால் பின்னால் குறை வராது. டி.பி.டி. விண்ணப்பங்கள் பி.டி.கேஸ் என்ற பொதுத் தளம் வழியாகவும், அத்லெட்டிக் டிரெய்னிங் விண்ணப்பங்கள் ஏ.டி.கேஸ் வழியாகவும் செல்கின்றன. இணைப்புத் திட்டங்களில் சில ஒரே விண்ணப்பத்தை ஏற்கும். சில இரண்டையும் கேட்கும்.

நேரில் பார்வையிட்ட மணிநேரங்களைப் பல திட்டங்கள் கேட்கின்றன. விளையாட்டுக் கிளினிக் ஒன்றிலேயே எல்லா மணிநேரங்களையும் கழித்துவிடுவது பெரும்பாலானோர் செய்வது. ஆனால் மருத்துவமனை உள்நோயாளிப் பிரிவில் ஒரு வாரமும், ஓர் உயர்நிலைப் பள்ளியின் மாலை நேரப் பயிற்சியில் சில வாரங்களும் இருந்து பார்த்தவருக்கே தான் தேர்ந்தெடுப்பது என்ன என்பது புரியும். பிற்பகல் முழுவதும் கணுக்கால்களுக்கு டேப் சுற்றி, தண்ணீர்க் குடுவைகளை நிரப்பி, இரவு ஆட்டம் முடிந்து பேருந்து கிளம்பும்வரை நிற்பதும் இத்தொழிலின் பகுதிதான். அது பிடிக்காதவருக்குப் பாடம் எவ்வளவு பிடித்தாலும் பயனில்லை.

படிக்கும் காலம்

உடற்கூறியல், மூட்டு மற்றும் தசை மதிப்பீடு, சிகிச்சைப் பயிற்சிகள், ஆய்வுச் சான்றுகளைப் படித்துப் பயன்படுத்துதல் ஆகியவற்றில்தான் இரு படிப்புகளும் பெரிதும் ஒன்றுபடுகின்றன. நரம்பியல், இதயம் மற்றும் நுரையீரல் சார்ந்த மறுவாழ்வு, குழந்தைகள், ஆறாத புண்கள் போன்றவை பிசியோதெரபிக்கே உரியவை. மைதான அவசர நிலைகள், தலை அதிர்ச்சிக் காயம், பருவத்துக்கு முந்தைய உடற்தகுதிச் சோதனை, பாதுகாப்புக் கருவிகள் ஆகியவற்றை அத்லெட்டிக் டிரெய்னிங் ஆழமாகக் கற்பிக்கிறது. வெப்பத் தாக்கத்தில் ஒருவர் சுருண்டு விழுந்தால், ஆசனவாய் வழியாக வெப்பநிலை எடுத்து, அது ஏறத்தாழ 40.5 டிகிரி செல்சியஸைத் தாண்டி, நினைவும் தடுமாறினால், பனிக்கட்டி நீர்த் தொட்டியில் உடனே இறக்கி, 39 டிகிரி அளவுக்கு வந்தபின்னரே ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும் என்பது அத்தகைய ஒரு பாடம். நெற்றியிலோ காதிலோ வைக்கும் வெப்பமானி இங்கே ஏமாற்றிவிடும்.

நேரத்தைப் பொறுத்தவரை கடினமானது களப்பயிற்சிதான். டி.பி.டி.யில் குறைந்தது 30 வாரங்கள் முழுநேரக் களப்பயிற்சி கட்டாயம். அது பல வாரத் தொகுதிகளாக, பெரும்பாலும் வேறு ஊர்களில் அமையும். அத்லெட்டிக் டிரெய்னிங்கிலோ வகுப்புகளோடு சேர்ந்தே மாலைகளும் வார இறுதிகளும் போய்விடும். அதற்கு மேல், குறைந்தது நான்கு வாரங்கள் தொடர்ச்சியாக முழுநேரமும் ஒரே இடத்தில் மூழ்கிப் பணிபுரியும் கட்டமும் உண்டு. கால்பந்துப் பருவம் ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுவதால் கோடை விடுமுறையும் சுருங்கும். இந்தக் காலங்களில் பகுதிநேர வேலையை நம்பி வாடகைக் கணக்குப் போடக்கூடாது.

தேர்வுகளில், அத்லெட்டிக் டிரெய்னர் சான்றுக்கான பி.ஓ.சி. தேர்வு முதலில் வரும்படி அமைந்த திட்டம் வசதியானது. அதை முதுநிலையின் இறுதிப் பருவத்திலேயே எழுதலாம். தேறி, மாநில உரிமமும் பெற்றுவிட்டால், டி.பி.டி. படிக்கும்போதே வார இறுதிப் போட்டிகளில் ஊதியத்துக்குப் பணியாற்ற முடியும். பட்டங்கள் இரண்டும் கடைசியில் ஒன்றாக வரும் திட்டங்களில் இந்த வாய்ப்பு கிடைக்காது, இரு தேர்வுகளும் சில மாத இடைவெளியில் வந்து நெருக்கும். பிசியோதெரபிக்கான என்.பி.டி.இ. தேர்வு ஆண்டுக்கு நான்கு முறை, குறித்த நாள்களில் மட்டும் நடக்கிறது. 200 முதல் 800 வரையிலான அளவில் 600 பெற வேண்டும், வாழ்நாளில் ஆறு முறைக்கு மேல் எழுத இயலாது.

பணமும் உரிமமும்

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகத்தின் 2023 மே மாதக் கணக்கின்படி, இடைநிலை ஆண்டு ஊதியம் பிசியோதெரபிஸ்டுக்கு 99,710 டாலர், அத்லெட்டிக் டிரெய்னருக்கு 57,930 டாலர். இரண்டு உரிமங்களும் வைத்திருப்பவருக்கு இவ்விரண்டும் கூடிக் கிடைப்பதில்லை. எந்தப் பதவியில் அமர்கிறாரோ அதற்குரிய ஊதியமே கிடைக்கும். ஆகவே கூடுதல் ஓர் ஆண்டுக்கான கட்டணத்தோடு, அந்த ஆண்டில் பிசியோதெரபிஸ்டாகச் சம்பாதித்திருக்கக்கூடிய தொகையையும் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும். பட்டமேற்படிப்பு மாணவர்கள் நம்பியிருந்த கிராட் பிளஸ் என்ற கூட்டாட்சிக் கடன், 2025இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறுவோருக்கு இல்லை என்பதால், நிதியுதவி அலுவலகத்திடம் எல்லா ஆண்டுகளுக்குமான திட்டத்தைக் கேட்டுப் பெறுவது அவசியம்.

வெளிநாட்டு மாணவர்களுக்குக் கூட்டாட்சிக் கடன் எப்படியும் கிடையாது. அவர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு: நிரந்தர வசிப்புரிமைக்கான (கிரீன் கார்டு) நடைமுறையில், தொழிலாளர் துறையின் தனிச் சான்று தேவையற்ற ஷெட்யூல் ஏ தொழில்களில் பிசியோதெரபிஸ்ட் இடம்பெறுகிறார், அத்லெட்டிக் டிரெய்னர் இடம்பெறவில்லை. வெளிநாட்டில் ஏற்கெனவே பிசியோதெரபி படித்தவர் தம் சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்பி என்.பி.டி.இ. எழுதும் வழி இருக்கிறது. பி.ஓ.சி. தேர்வுக்கோ, கனடா, அயர்லாந்து போன்ற சில நாடுகளுடனான ஏற்பாடு நீங்கலாக, சி.ஏ.ஏ.டி.இ. அங்கீகாரம் பெற்ற திட்டத்தில் பட்டம் பெற்றே ஆகவேண்டும். ஆகவே வெளிநாட்டில் பிசியோதெரபி முடித்து, அத்லெட்டிக் டிரெய்னராகவும் விரும்புபவருக்கு இரட்டைத் திட்டத்தைவிட முதுநிலைப் பட்டத்தை மட்டும் படிப்பதே சிக்கனம்.

பட்டங்கள் கைக்கு வந்தபின், ஒவ்வொரு வேலையிலும் தாம் எந்த உரிமத்தின் கீழ் செயல்படுகிறோம் என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில், அத்லெட்டிக் டிரெய்னர் அளித்த சிகிச்சையைப் பிசியோதெரபி என்று கணக்குக் காட்ட முடியாது. ஒரே நபர் இரண்டுமாக இருந்தாலும் குறிப்பேட்டில் எழுதும்போது அந்த எல்லை மாறாது. 2024 நிலவரப்படி அத்லெட்டிக் டிரெய்னர்களுக்கு மாநில ஒழுங்குமுறை இல்லாத ஒரே மாநிலம் கலிஃபோர்னியா; மற்ற மாநிலங்களில் உரிமமோ அந்தந்த மாநிலம் கேட்கும் பதிவோ இன்றி மைதானத்தில் இறங்கக்கூடாது. பி.ஓ.சி. சான்றைத் தக்கவைக்க இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 50 தொடர்கல்விப் புள்ளிகள் தேவை. பிசியோதெரபி உரிமத்துக்கான தொடர்கல்வி விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். இரண்டுக்கும் ஏற்கப்படும் வகுப்புகளைத் தேடிச் சேர்வது நேரத்தையும் செலவையும் குறைக்கும். விளையாட்டுப் பிசியோதெரபியில் எஸ்.சி.எஸ். என்ற சிறப்புச் சான்றை நாடுபவர், சிகிச்சை அனுபவத்தோடு அவசரக் காய மேலாண்மைத் தகுதியையும் காட்ட வேண்டியிருக்கும். அத்லெட்டிக் டிரெய்னர் சான்று அதற்கு ஏற்கப்படுவதால், மற்றவர்கள் தனியாகப் படிக்கும் அந்தப் பயிற்சியை இவர் மீண்டும் படிக்க வேண்டியதில்லை.