தைப்பூசக் காவடியைப் படமெடுக்கப் பழகுதல்

புதிதாக டிஜிட்டல் கேமரா வாங்கியவருக்குத் தைப்பூசக் காவடியைவிடக் கடினமான பாடம் நம் மொரீசியஸ் தீவில் வேறில்லை. அதனாலேயே அதை மனத்தில் வைத்துப் பழகத் தொடங்குவது நல்லது. கேமராவின் பொத்தான்களைப் படிப்பதற்கு முன் வெயிலைப் படிக்க வேண்டும். போர்ட் லூயிஸ் தென் அட்சரேகை 20 பாகையை ஒட்டி இருப்பதால், சனவரி 20-ஐ ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நம் தலைக்கு நேர்மேலே வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் எடுத்த முகங்களில் கண்குழிகள் கறுத்து, மூக்கின் நிழல் உதட்டின் மேல் விழுந்து, நெற்றியும் கன்னமும் வெளுத்துப்போகும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்சும் இதைச் சரிசெய்யாது. ஜூன் மாதத்தில் நிலைமை வேறு. நண்பகலிலும் சூரியன் வடக்கே சாய்ந்து 46 பாகை உயரத்தில்தான் இருக்கும் என்பதால், முகத்தின் மேடுபள்ளங்கள் அழகாகத் தெரியும்.

ஆகவே ஆற்றங்கரையில் அலகு குத்தி, பூவும் ஓலையும் கட்டிய காவடியைத் தோளில் ஏற்றும் காலை வேளையைத் தவறவிடாதீர்கள். ஊர்வலம் நம் வசதிக்காக நிற்காதாகையால் நண்பகலிலும் எடுக்க நேர்ந்தால், வழியில் உள்ள மாமர நிழலுக்கோ பந்தலுக்கோ முன்கூட்டியே போய் நின்று, காவடி நிழலுக்குள் நுழையும் கணத்துக்காகக் காத்திருங்கள். வெயில் பட்ட சாலையிலிருந்து எகிறி வரும் ஒளி, முகத்தைக் கீழிருந்து மென்மையாக நிரப்பும்.

இனிக் கேமராவுக்கு வருவோம். படத்தின் வெளிச்சத்தை லென்சின் துளை, ஷட்டர் திறந்திருக்கும் நேரம், பதிந்த ஒளியைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்பதைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. ஆகிய மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டி ஈடுகட்ட வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் கையாள முயல்பவர் குழம்பிப்போய் மறுபடியும் தானியங்கி முறைக்கே திரும்பிவிடுகிறார். தொடக்கத்தில் ஷட்டரை மட்டும் உங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மேலுள்ள சக்கரத்தில் நிக்கான், சோனி கேமராக்களில் ‘எஸ்’ என்றும், கேனானில் ‘டி.வி.’ என்றும் குறித்திருக்கும் முறைக்கு மாற்றி, ஐ.எஸ்.ஓ.வைத் தானாக அமையும்படி விட்டுவிட்டால், நடந்து வருபவருக்கு 1/250 நொடி, காவடி ஆடுபவருக்கு 1/500 நொடி என்று நீங்கள் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்.

வீட்டில் பழகுவதற்கு நம் ரூபாய்த் தாளே போதுமானது. அதைச் சுவரில் ஒட்டி, அதிலுள்ள தமிழ் எழுத்துகளின் மேல் குவியத்தை வைத்து, கேமராவைக் கையில் பிடித்தபடியே 1/15, 1/60, 1/250 நொடிகளில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எந்த வேகத்தில் உங்கள் கை நடுக்கம் எழுத்தைக் கலைக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

ஒளியை அளக்கும் மீட்டருக்கு வெள்ளை வேட்டியும் கறுப்புக் குடையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே தோன்றுகின்றன. வெண்மை நிறைந்த காட்சி இதனால் மங்கிப்போகும் என்பதால், கூட்டல், கழித்தல் குறியுள்ள பொத்தானை அழுத்திக் கூட்டல் பக்கம் ஒரு படி (‘+1’) ஏற்றுங்கள். வெளுத்த வானத்தின் முன்னே முகம் கறுத்துத் தெரிந்தாலும் இதுவே மருந்து. நம் காவடிகளில் நிறைந்திருக்கும் கடும் ரோஸ் நிறத்துக்கு மட்டும் இது பொருந்தாது. சிவப்பு ஒளி எல்லை மீறிப் போனால் துணியின் மடிப்பும் பூவிதழின் வரியும் அழிந்து ஒரே பூச்சாகிவிடும் என்பதால், அங்கே அரைப் படி குறைப்பதே பாதுகாப்பானது.

எந்த ஒளியிலும் வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையைப் பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முந்தைய இரவு பூஜையறையில் குண்டு பல்பின் வெளிச்சத்துக்காக மாற்றிய அமைப்பை மறந்து, மறுநாள் ஊர்வலம் முழுவதையும் நீலம் பூத்துப்போக எடுத்தேன். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ‘ரா’ கோப்பாகச் சேமித்திருந்தால் கணினியில் எளிதாகத் திருத்தியிருக்கலாம். கேமராவே நிறத்தை அமைத்துச் சுருக்கிவிடும் ‘ஜேபெக்’ கோப்பாக மட்டும் வைத்திருந்ததால் பாதிகூடத் தேறவில்லை.

விரதமிருந்து அலகு குத்தியவரின் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிப்பது தகாது. உடன் வரும் உறவினரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பாதையை மறிக்காமல் பக்கவாட்டில் நின்று எடுங்கள். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியவுடன் லென்சின் மூடியைத் திறக்காதீர்கள். சனவரி மாதத்து ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் நீராகப் படிந்துவிடும் என்பதால், கேமராவை மூடிய பைக்குள் வைத்தபடியே அரை மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டு, அதன்பின் எடுங்கள்.