வெளிநாட்டில் நடக்கும் பாப் இசை நிகழ்ச்சிக்குச் செல்வது எப்படி?

புதிய ஆல்பம் வெளியானதும் பாடகர்கள் உலகச் சுற்றுப்பயணம் கிளம்புவது வழக்கம். அப்படிப்பட்ட பயணத்தில் ஏதாவது ஓர் ஊரில் நிகழ்ச்சியைப் பார்க்க விரும்புபவர், முதலில் அந்தப் பயணத்தின் முழு அட்டவணையையும் ஒரே பார்வையில் படித்துப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் பாடகி டுவா லிபா 2024 மே 3 அன்று 'ராடிக்கல் ஆப்டிமிசம்' ஆல்பத்தை வெளியிட்டார். அதற்கான சுற்றுப்பயணம் அதே ஆண்டு நவம்பர் 5 அன்று சிங்கப்பூர் உள்ளரங்கில் தொடங்கி, ஆசிய நகரங்கள் சிலவற்றைக் கடந்து, 2025 மார்ச்சில் மெல்போர்னுக்கும், மே மாதம் மாட்ரிட்டுக்கும், ஜூன் 20, 21 தேதிகளில் லண்டன் வெம்ப்ளி மைதானத்துக்கும் சென்றது. இடையில் நவம்பர் 30 அன்று மும்பையிலும் அவர் பாடினார். அதைக் கவனிக்காமல் சிங்கப்பூருக்கு விசா எடுத்த இந்திய ரசிகர் வீண் செலவு செய்தார் என்றே சொல்ல வேண்டும்.

அட்டவணையில் ஊரின் பெயரைவிட அரங்கின் பெயர் முக்கியமானது. சிங்கப்பூர் உள்ளரங்கில் ஏறத்தாழ 12,000 பேர் அமரலாம். வெம்ப்ளியில் 90,000 இருக்கைகள் உள்ளன. பாடகரின் முகத்தைத் திரையில் பார்க்காமல் நேரில் பார்க்க வேண்டும் என்பவருக்கு உள்ளரங்கே ஏற்றது. மைதானத்தில் கிடைப்பது கூட்டத்தோடு சேர்ந்து பாடும் அனுபவம்தான். அதை மட்டம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

டிக்கெட் விற்பனைக்குத் தயாராவதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். விற்பனை நேரம் அந்தந்த ஊர் நேரப்படி அறிவிக்கப்படும். சிங்கப்பூரில் காலை 10 மணி என்றால் இந்தியாவிலும் இலங்கையிலும் காலை 7.30. லண்டனில் காலை 10 மணி என்பது அவர்களின் கோடை நேரத்தில் நமக்குப் பிற்பகல் 2.30, குளிர்கால நேரத்தில் 3.30, மார்ச் இறுதியிலும் அக்டோபர் இறுதியிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவதால் இந்த ஒரு மணி நேரம் பலரை ஏமாற்றிவிடுகிறது. பொது விற்பனைக்கு முன்பே, பாடகரின் மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்தவர்களுக்கோ குறிப்பிட்ட வங்கி அட்டை வைத்திருப்பவர்களுக்கோ முன்விற்பனை நடப்பதுண்டு. ஆகவே அறிவிப்பு வந்த நாளிலேயே பதிவு செய்துகொள்வது நல்லது. டிக்கெட்மாஸ்டர் போன்ற தளங்களில் விற்பனைக்கு முன் காத்திருப்பு அறை திறக்கும். விற்பனை தொடங்கும் நொடியில் அங்கே இருப்பவர்களுக்குக் குலுக்கல் முறையில் வரிசை எண் கிடைப்பதால், இரண்டு மணி நேரம் முன்னதாகச் சென்று அமர்வதில் பயனில்லை. ஆனால் தொடங்கிய பிறகு நுழைந்தால் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுவோம்.

இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அட்டைதாரரே இயக்கி வைக்க வேண்டும். வரிசையில் முன்னேறி, இருக்கையும் தேர்ந்தெடுத்த பிறகு பணம் செலுத்த முடியாமல் நிற்பதைவிட வேதனை வேறில்லை. எனவே முந்தைய நாளே வங்கிச் செயலியில் அதைச் சரிபார்த்து, செலவு வரம்பையும் உயர்த்தி வையுங்கள். அந்நியச் செலாவணிக் கட்டணம் தனியாகச் சேரும். தேவைக்கேற்ப விலை ஏறும் முறையும் சில விற்பனைகளில் உண்டு: 2024 ஆகஸ்டில் ஒயாசிஸ் இசைக்குழுவின் டிக்கெட் விற்பனையில், ஏறத்தாழ 150 பவுண்டாக இருந்த நிற்குமிட டிக்கெட்டின் விலை 355 பவுண்டு வரை சென்றது. அதனால் உங்கள் உச்ச வரம்பைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். டிக்கெட் கிடைக்கவில்லையென்றால், அதிகாரபூர்வ மறுவிற்பனைப் பக்கத்தை நிகழ்ச்சி நெருங்கும் நாட்களில் மீண்டும் மீண்டும் பாருங்கள். சமூக ஊடகத்தில் டிக்கெட்டின் திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) காட்டி விற்பவரிடம் வாங்கவே வேண்டாம். ஒரே டிக்கெட்டின் படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்புவது எளிது.

டிக்கெட் கைக்கு வந்த பிறகே விசா, அதன் பிறகே விமானம் என்ற வரிசையை நான் வலியுறுத்துவேன். சிங்கப்பூர் செல்ல இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவை. இலங்கைக் கடவுச்சீட்டுக்குத் தேவையில்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்கால நிகழ்ச்சி என்றால் அந்த வாய்ப்பைத் தள்ளிப்போடாதீர்கள். நேர்காணல் இடங்கள் வேகமாக நிரம்பிவிடும்.

நிகழ்ச்சியே நடக்காமல் போகலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். டுவா லிபாவின் இதே பயணத்தில், 2024 நவம்பர் 9 அன்று ஜகார்த்தாவில் நடக்கவிருந்த நிகழ்ச்சி, மேடை அமைப்பு பாதுகாப்பானதாக இல்லை என்ற காரணத்தால் முந்தைய நாள் ரத்தானது. அதே ஆண்டு ஆகஸ்டில் வியன்னாவில் டெய்லர் ஸ்விஃப்டின் மூன்று நிகழ்ச்சிகளும் பயங்கரவாத மிரட்டலால் கைவிடப்பட்டன. இத்தகைய நேரங்களில் டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும்; விமானத்துக்கும் விடுதிக்கும் கொடுத்ததை அமைப்பாளர்கள் தருவதில்லை. ஆகவே ரத்து செய்யக்கூடிய அறையையே பதிவு செய்யுங்கள், சற்றுக் கூடுதல் கட்டணமானாலும். நிகழ்ச்சிக்கு முந்தைய நாளே ஊரைச் சென்றடையுங்கள். அன்று காலை இறங்கும் விமானம் தாமதமானால் எல்லாம் போயிற்று.

ஆல்பத்தை முன்கூட்டியே பலமுறை கேட்டுவிட்டுச் செல்லுங்கள். பாடல் வரிசை பெரும்பாலும் இரவுக்கு இரவு மாறாது என்பதால் அதை இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். வியப்பைக் காப்பாற்ற விரும்புபவர் பார்க்காமலும் இருக்கலாம். டுவா லிபா 2025இல் ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர் மக்களுக்குத் தெரிந்த பாடல் ஒன்றைப் பாடினார். மெல்போர்னின் முதல் இரவில் அது ஆஸ்திரேலிய ராக் இசைக்குழுவான ஏசி/டிசியின் பாடல்.

நிகழ்ச்சி நாளன்று சிறிய பையோடு செல்லுங்கள். லண்டனின் ஓ2 அரங்கு ஏ4 தாளைவிடப் பெரிய பையை அனுமதிப்பதில்லை. டிக்கெட் கைப்பேசியில் இருப்பதால் பவர் பேங்க் அவசியம். காதடைப்பான் எடுத்துச் செல்வதைக் கேலி செய்வார்கள், பொருட்படுத்த வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்குப் பரிந்துரைத்த சராசரி உச்ச ஒலி அளவே 100 டெசிபல். ஒலிபெருக்கியின் அருகில் நிற்பவர் அதையும் தாண்டிக் கேட்கக்கூடும்.

திரும்பும் ரயிலை முன்பே பார்த்து வைக்கவும். வெம்ப்ளி பார்க் நிலையத்தைத் தொடும் ஜூபிலி தடத்தில் வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் ரயில் விடிய விடிய ஓடும். மற்ற நாட்களில் அப்படியில்லை. சிங்கப்பூரில் அரங்கை ஒட்டிய ஸ்டேடியம் நிலையத்தில் கூட்டம் கரைய நேரமாகும். அதனால் கடைசிப் பாடல் முடிந்ததும் ஓடாமல், பதினைந்து நிமிட நடையில் உள்ள அடுத்த நிலையத்துக்குச் சென்று ஏறுவதே நிம்மதி.