சிறுபாலத்துக் கேமரா தவறவிட்ட காலடிகள்

ஓசூரை அடுத்த சானமாவுக் காட்டோரம், தேசிய நெடுஞ்சாலை 44-இன் அடியில் உள்ள சிறுபாலம் ஒன்றில், அவ்வழியே கடக்கும் விலங்குகளைக் கணக்கெடுக்க நான் பொருத்திய தானியங்கிக் கேமராவில் வெயிலில் அசைந்த புல்லின் படங்களே நிறைந்திருந்தன. மணலிலோ முள்ளம்பன்றியின் காலடிகள் தெளிவாகப் பதிந்திருந்தன. பின்புலத்திலிருந்து வேறுபட்ட வெப்பம் நகரும்போதுதான் கேமராவின் உணரி விழித்துக்கொள்ளும் என்பதால், நேரெதிரே வரும் விலங்கைவிடக் குறுக்கே கடக்கும் விலங்கையே அது எளிதில் அறிகிறது. ஆகவே, நெஞ்சுயரத்தில் இருந்த கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, பாதைக்குச் சாய்வாகத் திருப்பி, எதிரிலிருந்த புல்லை அறுத்தேன். சலித்த மணலைப் பட்டையாகப் பரப்பி, விடியற்காலைதோறும் தடங்களைப் படங்களோடு ஒப்பிட்டேன். இந்தச் சரிபார்ப்பு இல்லாத கணக்கை நான் நம்புவதில்லை. மூன்றாம் நாள், ஈர மணலில் நீண்ட நகத்தடங்களை விட்டுச்சென்ற முள்ளம்பன்றி, முட்களைத் தாழ்த்தியபடி படத்திலும் இருந்தது.