அட்டைக்கு ஒரு சோப்புத் துண்டு

மழைக்காலத்தில் நீலகிரிச் சரிவில் ஆற்றோரமாகக் குரும்பர், இருளர் பழங்குடி ஊர்களுக்கு நடந்து போகிறவர்கள், ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி காலில் ஏறாமலிருக்க, பேன்ட் நுனியைக் காலுறைக்குள் செருகி, அதன்மேல் காய்ந்த சலவை சோப்பை வெள்ளையாகப் படியும்வரை தேய்த்துவிடுங்கள். அட்டையின் ஈரத்தோலுக்கு சோப்பின் காரத்தன்மை ஆகாது, பெரும்பாலும் ஏறாமல் விலகிவிடும். உப்பும் வேலை செய்யும்தான், ஆனால் ஒரு தூறலிலேயே கரைந்துபோகும். அப்படியும் கடித்துவிட்டால் பிடித்து இழுக்காமல் நகத்தால் நெம்பி எடுங்கள். ரத்தம் உறையாமல் கொஞ்ச நேரம் கசியும், பயம் வேண்டாம்.

ஓடையில் இறங்கி நடக்க வேண்டிய வழியென்றால் சோப்பு வேண்டவே வேண்டாம். அங்கிருக்கும் தவளைக்கும் தலைப்பிரட்டைக்கும் அது கேடு. அப்போது நெருக்கமாக நெய்த நீளக் காலுறை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். கோடையில் மோயாற்றுப் பக்கத்து வறண்ட காட்டுக்கு இது எதுவும் தேவைப்படாது.