குழந்தைக்குத் தொண்டையில் அடைத்துக்கொண்டால்

புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும் தாய்மார்களுக்கும், கூட வரும் ஆச்சிகளுக்கும் ஒரு பொம்மையை வைத்து இதைச் செய்துகாட்டுவேன். நான் கிராம சுகாதார செவிலியர். இது ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கான முறை.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். பலமாக இருமினாலோ அழுதாலோ காற்று போய்வருகிறது. இருமவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள். அழுகைச் சத்தம் வரவில்லை, மூச்சு திணறுகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் தாமதிக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவரை 108-க்குப் போன் போடச் சொல்லுங்கள்.

குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, கையைத் தொடைமேல் ஊன்றிக்கொள்ளுங்கள். தலை நெஞ்சைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். விரல்கள் தாடை எலும்பைத் தாங்கட்டும். பழகும்போது பலருக்கும் விரல் வழுக்கித் தொண்டைக்கு இறங்கிவிடும். அங்கே அழுத்தினால் உள்ள காற்றும் நின்றுவிடும். மறு உள்ளங்கையின் அடிப்பகுதியால் இரு தோள்பட்டைக்கும் நடுவில் ஐந்து அடி. ஏப்பம் வரத் தட்டுகிற மென்மை இங்கே உதவாது, கொஞ்சம் பலமாகவே அடியுங்கள்.

வரவில்லையா? பிடரியைத் தாங்கி மல்லாக்கத் திருப்புங்கள். மார்புக் காம்புகளுக்குச் சற்றுக் கீழே, நெஞ்செலும்பில் ஐந்து அழுத்து, சுமார் நாலு சென்டிமீட்டர் ஆழம். முன்பெல்லாம் இரண்டு விரலால் அழுத்தச் சொல்வோம். அமெரிக்க இதய சங்கத்தின் 2025 வழிகாட்டுதல் உள்ளங்கை அடிப்பகுதியால் அழுத்தச் சொல்கிறது. வயிற்றில் மட்டும் அழுத்தவே கூடாது, ஈரல் காயப்படும். அடைத்தது வெளியே வரும்வரை முதுகில் ஐந்து, நெஞ்சில் ஐந்து என்று மாறி மாறிச் செய்யுங்கள்.

குழந்தை துவண்டுவிட்டால் கெட்டியான தரையில் கிடத்தி, நெஞ்சில் 30 அழுத்து. வாய்க்குள் பார்த்து, பொருள் தெரிந்தால் எடுங்கள். அப்புறம் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி 2 முறை ஊதுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை இதையே தொடருங்கள்.

புரை ஏறினால் உச்சந்தலையில் தட்டும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அடைத்த பொருள் அதனால் நகராது, நேரம்தான் போகும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி விரலை விட்டால் அது இன்னும் உள்ளே போகும். தண்ணீரும் புகட்டாதீர்கள். பொருள் வந்து குழந்தை தேறிவிட்டாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஆச்சிகளே, அழுகிற குழந்தைக்குச் சங்கில் பால் ஊற்றாதீர்கள். வேர்க்கடலை, முழுத் திராட்சை, கழன்ற கொலுசு மணி எதுவும் கைக்கு எட்டக் கூடாது. ரிமோட், பொம்மைகளில் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அது உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.